அரைப்பேர்

புறக்கோட்டைக் கடையில் எல்.ஈ.டி. மாட்டிய அன்று
கழற்றிப் போட்ட நான்கு டியூப் லைட்டையும்
சாரத்தில் சுற்றி
பதுளை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
அப்புத்தளையில் இறங்கும்போது ஒன்று உடைந்திருந்தது.
மூன்று மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் என் பட்டமும் அதுதான்.
வகுப்பே சிரித்து முடித்து
கரும்பலகையையும் அழித்த பிறகு
நான் சிரிப்பேனாம்.
சுகிர்தாவுக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

கார்த்திகை பிறந்தால் இங்கே சூரியன்
கடன்காரன் வந்து நிற்கிற வீட்டு ஆம்பிளை மாதிரி.
உள்ளேதான் இருக்கும்.
வெளியே வராது.
விதைத் தட்டை ஜன்னலில் வைத்தால்
நாற்று நூலாய் நீண்டு
கண்ணாடியில் முட்டிச் சாயும்.

ஆகவே பின் காம்பராவில்
விறகு அடுக்கும் மூலைக்கு மேலே
நாய்ச்சங்கிலி இரண்டில் விளக்கைத் தொங்கவிட்டேன்.
எழுபத்தாறு யோகட் கப்,
அடியில் ஆணியால் ஓட்டை.
கறிமிளகாய்.

"நாலு விரல் உசரத்துல வெளிச்சம் இருக்கணும்" என்றேன்.
"யாரு விரல்?" என்றாள் சுகிர்தா.
கடைசியில் அவள் விரல்தான் அளவு,
கொழுந்துக் கறை போகாத நாலு விரல்.
செடி ஏற ஏற
சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக விளக்கும் ஏறியது.

விடிய நாலு மணிக்கு சுவிட்ச் போடுவேன்.
சோக் முனகும்.
இரண்டு தரம் கண் சிமிட்டும், யோசிக்கும்,
பிறகுதான் எரியும்.
என் சாதி.

லயத்தில் அந்த நேரத்து வெளிச்சம் என்றால்
ஒன்று பிரசவம், இல்லாவிட்டால் சாவு.
மூன்றாம் நாள் மரியசூசை அண்ணன் வந்துவிட்டார்
மப்ளரும் டோர்ச்சுமாக.
பின்னால் அவர் சம்சாரம் சுடுதண்ணிப் போத்தலோடு.
"யாருக்கு?" என்றார், மெதுவாக.

காட்டினேன்.

குனிந்து பார்த்தார். டோர்ச்சையும் அடித்துப் பார்த்தார்,
அந்த வெளிச்சத்திலும்.
"எவ்வளவு நேரம் இப்பிடி நிக்கணும்?"
"பதினாறு மணித்தியாலம்."
"அப்ப இதுகளுக்கு ஒரு பேரா, ரெண்டு பேரா?"

சுகிர்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
போத்தலைத் திறந்த அக்கா தேத்தண்ணியைச் சிந்தினாள்.
நான் கரண்ட் பில்லை விளக்கிக்கொண்டிருந்தேன்,
யூனிட் யூனிட்டாக.

காற்று நுழையாத அறை அது.
யாராவது அசைத்துவிட்டால்தான் தண்டு தடிக்கும்.
மலைக்குப் போகுமுன் அவள்
உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுப் போவாள்.
அந்தக் கை ஒன்றையும் பறிக்காமல்
இலைமேல் போய் வருவதை
நான் அங்கேதான் பார்த்தேன்.

வெளியே எடுக்கும்போது
முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு
என்று பழக்க வேண்டும். தெரியும்.
பொங்கலுக்கு இரண்டாம் நாள்
மூடுபனி திடீரென்று விலக
ஆசைப்பட்டு எழுபத்தாறையும் ஒன்றாக வெயிலில் வைத்தேன்.
மதியத்துக்குள் பதினொன்று
கடதாசியாய் வெளுத்துத் தொங்கின.
எந்த வெயிலைக் காட்டத்தான் இத்தனை யூனிட் எரித்தேனோ
அந்த வெயில்.

பிடுங்கி எறியக் குனிந்தபோது
சுகிர்தா கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாள்.
கூடையை இறக்காமலே நின்றாள்.
அன்று அவளுக்கு மூன்று கிலோ குறைவு.
"அடிக்கண்ணு பச்சையாத்தான் இருக்கு. விடுங்க, துளிர்க்கும்."

அப்போதுதான் எனக்கு எரிந்தது.
மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன்,
கண்ணில் தண்ணீர் வர.
"என்னாச்சு?"
"மரியசூசை அண்ணன் கேட்டாரே, அது."
"எப்ப?"
"கார்த்திகையில."

அவள் சிரிக்கவில்லை.
கூடையை இறக்கி வைத்து
வெளுத்ததுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.
பதினொன்றுதான்.
"இதுகளுக்கு அரைப்பேர் போடுங்க" என்றாள்.